பேச்சை ஒறுத்த நாற்பது நாள்

வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும்போது ஒரு ராகம் ஒலிக்குமே, அது எந்த வீட்டில் கேட்டாலும் எனக்கு வேலை ஓடாது. எங்கள் தெருவில் அது ஓயாமல் கேட்கும். பாதி வீட்டுக்காரர்கள் சவூதியில், மீதிப் பேர் சிங்கப்பூரில். தையல் மிஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். யாராவது எடுத்து ஹலோ என்று சொன்ன பிறகுதான் மூச்சு வரும். ஜாக்கெட் கொடுக்க வந்தவர்கள், “என்னக்கா, நூல் அறுந்துருச்சா?” என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

ஒரு போனை நான் எடுக்காமல் விட்டேன். விட்டேன் என்பதுகூடக் கௌரவத்துக்குச் சொல்வது. சிவப்பை அழுத்தித் துண்டித்தேன். அது என் அக்காவின் அழைப்பு. அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை, பேசுவதற்கு உயிரோடும் இல்லை. இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கோட்டையூரில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் தையல் கடை. பின்னால் ஒரு அறை, அடுப்படி, கொல்லை. ஞாயிறு பூசைக்குக் காரைக்குடிச் சர்ச்சுக்கு டவுன் பஸ். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அக்கா நர்ஸ் படித்து, கன்னியர் மடத்தில் சேர்ந்து, துறவற வார்த்தைப்பாடு கொடுத்து, சபை அனுப்பித் தான்சானியாவில் ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் கல்யாணம் கட்டிப் போய் மூன்றாம் வருஷம் பெட்டியோடு திரும்பி வந்தேன். ஒருத்தி கடவுளுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள், ஒருத்தி மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டுத் திரும்பி வந்தாள் என்று நானே சொல்லிச் சிரிப்பேன். பிறத்தியார் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிக்கொள்வது நல்லது.

அம்மாவுக்குத் தான்சானியா என்ற பேர் வாயில் நுழையவில்லை. ஆப்பிரிக்கா என்றுதான் சொல்வாள், அதுவும் ஏதோ நாச்சியாபுரத்துக்கு அந்தாண்டை இருக்கிற ஊர் மாதிரி. “ஆப்பிரிக்காவுல நேத்து மழையாம், இங்குட்டும் வரும்” என்று கொடியில் கிடந்த துணியை எடுத்த ஆள் அவள். அடுத்தவர் முன்னால் சொந்த மகளை ‘எங்க சிஸ்டர்’ என்பாள். என்னைச் சொல்லும்போது ‘வீட்டுல இருக்குறவ’.

உலை வைக்கும்போது அம்மா அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போடுவாள். பிடி அரிசி. மாதம் ஒருமுறை எங்கள் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துப் பெண்கள் வீட்டுக்கு வீடு வந்து அதை வாங்கிப் போய் விற்று, வெளிநாட்டு மறைபரப்புக்கு என்று கோயிலில் சேர்ப்பார்கள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தால் அட்டை உண்டியல் ஒன்று கொடுப்பார்கள். அந்த நாற்பது நாளும் எதையாவது விட வேண்டும், விட்டதனால் மிஞ்சியதை அந்த உண்டியலில் போட வேண்டும். இதற்குத்தான் ஒறுத்தல் என்று பெயர். அம்மா ஒரு வருஷம் காபியை விட்டாள், ஒரு வருஷம் வெற்றிலையை, ஒரு வருஷம் கருவாட்டை. எல்லாம் எங்க சிஸ்டருக்காக. “நம்ம வீட்டு நெத்திலிக் கருவாடெல்லாம் கப்பல் ஏறிப் போகுது” என்று நான் கேலி செய்வேன். அவள் விடும்போது வீட்டில் நானும் அல்லவா கருவாடு இல்லாமல் தின்ன வேண்டியிருந்தது.

அந்த வருஷம் தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு பங்குச் சாமியார் பிரசங்கத்தில், “விடுவதற்கு எளிதானதை விடாதீர்கள். எது இல்லாமல் உங்களால் இருக்க முடியாதோ அதைக் கொடுங்கள்” என்றார். வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா கேட்டாள்.

“ஏத்தா, இந்த வருசம் நான் எத விடுறது? சீரியல விடவா?”

“சீரியல் இல்லாம உன்னால இருக்க முடியும். கரண்டு போனா இருக்கேல்ல?”

“அப்ப எதத்தான் விட?”

நான் யோசித்துச் சொல்லவில்லை. அது நாக்கின் நுனியிலேயே இருந்தது. “ஞாயித்துக்கெழம ஆப்பிரிக்கா போன் வருதே, அத விடு பாப்போம்.”

சொன்னது கேலிக்குத்தான். ஆனால் கேலிக்கு அடியில் என்ன கிடந்தது என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு மருந்து வாங்குவது நான், மூட்டுக்குத் தைலம் தேய்ப்பது நான். திங்கள் முதல் சனி வரை அவள் என்னிடம் முனகுவாள். ஞாயிறு மதியம் அந்த ராகம் ஒலித்தால் முகம் கழுவி, பொட்டுப்போல் பவுடர் ஒற்றி, நல்ல சேலை கட்டிப் போனுக்கு முன்னால் உட்காருவாள். ஒரு மணி நேரம் அவளுக்கு மூட்டும் வலிக்காது, முதுகும் வலிக்காது. கிட்ட உறவு முட்டப் பகை என்பது சும்மா சொன்னதில்லை.

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். “அதுதான்” என்றாள். “அதத்தான் குடுக்கணும்.”

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று மதியம் அக்கா கூப்பிட்டபோது அம்மா ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னாள். “இனிமே ஈஸ்டர் அன்னைக்குத்தான் பேசுவேன்த்தா. ஒனக்காகத்தான் விடுறேன். ஒன் வேலைக்கு, ஒன் ஆஸ்பத்திரிக்கு.”

அங்கிருந்து கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். அக்கா திரையில் அசையாமல் இருந்தாள். பிறகு சிரித்தாள். “ஏம்மா, எனக்காகன்னு சொல்லி என்னையவே பட்டினி போடுறியே?”

அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். “சரிம்மா, குடுக்குறதுன்னு முடிவு பண்ணியாச்சு, குடு” என்றாள் அக்கா. பிறகு என்னைக் கேட்டாள். போனை வாங்கினேன்.

“அம்மாவப் பாத்துக்க” என்றாள்.

“பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்” என்றேன். அக்காவிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான். அதைச் சொன்ன குரல் இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்த வருஷம் தவக்காலமும் ரம்ஜான் நோன்பும் ஒன்றாக வந்தன. பக்கத்து வீட்டு அக்கா முஸ்லிம். அவர் வீட்டுக்காரர் பல வருஷமாகச் சவூதியில். சாயங்காலம் நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர் அம்மா போனைத் தொடுவதில்லை என்று கேள்விப்பட்டு அசந்துபோனார்.

“என்னம்மா இப்படிப் பண்ணுறீக? நாங்க சோறு தண்ணியத்தான் விடுறோம். அதுவும் அந்தி மகரிபுத் தொழுகை வரைக்கும். பேச்ச விட்டா எங்க வீட்டுக்காரரு அங்கயே பாயப் போட்டுப் படுத்துருவாரு. அங்க கெடக்குறவுகளுக்குப் போனுதாம்மா சோறு.”

“ஒங்களுக்கு அப்படி. எங்க சிஸ்டரு தெய்வத்துக்கு ஒப்புக்குடுத்த புள்ளைல்ல” என்றாள் அம்மா பெருமையாக. பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்தார். நான் கஞ்சியை ருசி பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த ஞாயிறுகள் எனக்கு இனித்தன. மதியம் இரண்டரைக்கு, அதாவது அக்காவுக்குப் பகல் பன்னிரண்டுக்கு, அம்மா நல்ல சேலை கட்டாமல் என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கை சும்மா இருக்க முடியாமல் ஜாக்கெட்டுகளுக்கு ஊக்குக் கட்டினாள். அவளுடைய கல்யாணத்தைப் பற்றி, நான் பிறந்தபோது பேய்மழை பெய்ததைப் பற்றி, அப்பாவின் முன்கோபத்தைப் பற்றிப் பேசினாள். எனக்கு நாற்பது வயதாகப் போகிறது. அம்மா என்னோடு பொழுதுபோகப் பேசியது அப்போதுதான். நான் அக்காவுக்கு ஒருநாள்கூடக் கூப்பிடவில்லை. அம்மா விட்டதை நான் செய்தால் அது அம்மாவைச் சோதிப்பதாகும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். நன்றாகத் தைத்த நியாயம், வெளியே நூல் தெரியாது.

நாலாவது வாரம், செவ்வாய்க்கிழமை. அக்கா கூப்பிடுகிற கிழமையே இல்லை. மதியம் இரண்டரை இருக்கும். ஃபிரிட்ஜ் மேல் இருந்த அம்மாவின் போன் அடித்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, தூரத்தில் நின்று திரையைப் பார்த்தாள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். அதுவும் அடித்து ஓய்ந்தது.

அடுத்து மிஷின் பலகையில் இருந்த என் போன் அடித்தது.

அக்காவின் முகம் திரை முழுக்க வந்தது. வெள்ளை முக்காடு, பல் தெரியச் சிரிப்பு. வாட்ஸ்அப்பில் அவளே வைத்திருந்த படம் அது. முகவாய்க்குக் கீழே பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. கையில் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட், மறுநாள் கொடுக்க வேண்டியது. ஆனால் காரணம் அது இல்லை. அம்மாவின் குரல் இல்லாமல் நாலு வாரம்கூட இவளால் இருக்க முடியவில்லையா, ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவளுக்கு என்று நினைத்தேன். கொஞ்சம் தெரியட்டும் என்று நினைத்தேன். அப்படியே வார்த்தைக்கு வார்த்தை நினைத்தேன். சிவப்பை அழுத்தினேன்.

இரண்டு நிமிஷத்தில் அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. தையலை முடித்துவிட்டுக் கேட்கலாம் என்று வைத்தேன். முடித்துவிட்டுப் பார்த்தபோது அதை அவளே அழித்திருந்தாள். செய்தி நீக்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே எழுதியிருந்தாள்: ‘ஒண்ணுமில்ல. வேலையா இருப்ப. அப்புறம் பேசுறேன்.’

நான் பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன்.

எட்டாம் நாள் காலையில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அவளுடைய சபையைச் சேர்ந்த சிஸ்டர்மார் இரண்டு பேர் இறங்கினார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மலேரியா தலைக்கு ஏறிவிட்டது, ஏற்கனவே சிறுநீரகம் கெட்டிருந்தது, இரண்டே நாள்தான் என்றார்கள். வேலை செய்த மண்ணிலேயே அடக்கம் என்பது அவர்கள் சபையின் வழக்கம். அம்மா கேட்டுக்கொண்டாள். அவள் கத்துவாள், நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள், “கடைசியா எதும் சாப்புட்டுச்சா?” என்று மட்டும் கேட்டாள். அவர்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் அடக்கப் பூசையின் வீடியோ போனில் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா, அன்பியத்துப் பெண்கள், எல்லோரும் சுற்றி நின்று அழுதார்கள். அம்மாவிடம் போனை நீட்டினேன். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“ஈஸ்டர் வரைக்கும் தொட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.”

“அம்மா, அவளே போயிட்டாம்மா. இனி யாருக்காக?”

“அவளுக்காகச் சொன்னது. அவ போயிட்டான்னா சொன்னது இல்லைன்னு ஆயிருமா?”

எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். பக்கத்து வீட்டு அக்காதான் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா பிடித்த பிடியில் நின்றாள். ஈஸ்டருக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருந்தது. சாவு வீட்டிலும் உலை வைப்பதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டாள். ஈஸ்டர் அன்று பூசை முடிந்து வந்து, முகம் கழுவி, நல்ல சேலை கட்டி, என் எதிரில் உட்கார்ந்து, “இப்பப் போடு” என்றாள். சிவப்பு மண், தகரக் கூரைக் கோயில், கைதட்டிக்கொண்டு அழுகிற பெண்கள். பெட்டி மூடியிருந்தது. அம்மா வீடியோவை ஒருமுறைதான் பார்த்தாள். திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மழைக்காலத்துக்கு முன்னால், அங்கே அக்காவோடு வேலை செய்த ஒரு சிஸ்டர் விடுமுறையில் வந்தார். ஒரு சின்னத் துணிப்பையில் அக்காவின் ஜெபமாலையும் கண்ணாடியும் மேல்சட்டை ஒன்றும் இருந்தன. சட்டையில் கழன்றிருந்த பொத்தானைப் பார்த்ததும் என் கை தானாக ஊசியைத் தேடியது. அந்தச் சிஸ்டர் கெட்டிக்காரர் இல்லை, மனதில் இருப்பதை அப்படியே சொல்கிறவர்.

“டாக்டர் அவுங்கள கிட்னிக்கு இந்தியாவுக்குப் போயிப் பாக்கச் சொல்லிட்டாரும்மா. போனா திரும்ப வர ஆறு மாசம் ஆகும். பிரசவ வார்டுல நாங்க ரெண்டே பேர். மதரு, நீயே முடிவு பண்ணும்மான்னுட்டாங்க. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுச் சொல்றேன்னு போனை எடுத்துக்கிட்டு மாமரத்துக்குக் கீழ போனாங்க. திரும்பி வந்து சிரிச்சாங்க. எங்க வீட்டுல தவக்காலம் சிஸ்டர், ஈஸ்டருக்கு அப்புறம் அம்மாகிட்டக் கேட்டுக்கிறேன்னாங்க.”

அம்மா அழவில்லை. பையிலிருந்த ஜெபமாலையைக் கையில் எடுத்து, “அப்ப எங்க ரெண்டு பேரு ஒறுத்தலும் ஒண்ணாத்தான் போயிருக்கு” என்றாள். “நான் இங்க விட்டேன். எம்புள்ள அங்க விட்டுச்சு.”

அன்றிலிருந்து அம்மா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீரில் போகிறவன் கட்டையைப் பிடித்த மாதிரி. அந்தக் கட்டை எப்படிப்பட்டது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அக்கா எதையும் விடவில்லை. அம்மா எடுக்காததும் என்னைக் கூப்பிட்டாள். அவள் கேட்டாள். அவள் கேட்க வந்ததை நான் துண்டித்தேன். இதைச் சொன்னால் அம்மாவின் கையிலிருந்து கட்டை நழுவும். சொல்லாவிட்டால் நான் அவளுக்கு ஊற்றுகிற கஞ்சியில் எல்லாம் அது மிதக்கும்.

மறைபரப்பு ஞாயிறு வந்தது. சாமியார் பேர் சொல்லாமல் அம்மாவின் கதையைப் பிரசங்கத்தில் சொன்னார். தாயும் மகளும் கடல் தாண்டி ஒரே காணிக்கையை வைத்தார்கள் என்றார். பெண்கள் பக்கம் எல்லாத் தலையும் திரும்பியது. அம்மா தலைகுனிந்து ஜெபமாலை உருட்டினாள், ஆனாலும் முதுகு நிமிர்ந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற மணி அடித்தபோது அது எனக்கு மணியாகக் கேட்கவில்லை. அந்த ராகமாகத்தான் கேட்டது.

ஒறுத்தல் என்றால் தன்னைத்தானே வருத்திக்கொள்வது என்று மறைக்கல்வியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருநாள் அகராதியில் பார்த்தேன். தண்டித்தல் என்றும் போட்டிருந்தது. யாரை என்று போடவில்லை.

பிறகு ஒரு மதியம். போனில் எதையோ தேடப் போய் அக்காவின் பக்கம் திறந்துகொண்டது. பேருக்குப் பக்கத்தில் இருந்த முக்காட்டுப் படம் போய், யாரோ ஒரு ஆப்பிரிக்கப் பெண்ணின் படம் இருந்தது. மஞ்சள் துணியைத் தலையில் சுற்றியிருந்தாள். பேருக்குக் கீழே, இப்போது ஆன்லைனில் இருப்பதாகக் காட்டியது. அந்த நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று புத்திக்குத் தெரிந்தது. உடம்புக்குத் தெரியவில்லை. நான் கூப்பிட்டேன். நானாக அவள் நம்பரைக் கூப்பிட்டது எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். ஹலோ என்றாள். பிறகு அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள். நான் பேசாமல் இருந்தேன். அவள் வைக்கவில்லை. பின்னால் கோழி கத்தியது, யாரோ நடந்து போனார்கள். முன்பின் தெரியாத அந்தப் பெண், இந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்பதற்காகவே காத்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் நான்தான் துண்டித்தேன்.

அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் பங்கில் இல்லை, சிவகங்கைக்குப் பஸ் ஏறிப்போய், என்னைத் தெரியாத ஒரு சாமியாரிடம். வயதானவர், பொறுமையாகக் கேட்டார். வேண்டுமென்று செய்ததில்லையே மகளே, சாவு உன் கையிலா இருந்தது என்றார். வேண்டுமென்றுதான் செய்தேன் சாமி என்றேன். அபராதமாக மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். மூன்று! எனக்கு அழுகைக்குப் பதில் ஆத்திரம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே மூன்றையும் சொல்லி முடித்தேன், ஆத்திரம் தீரவில்லை. மன்னிக்க வேண்டியவர் அந்தக் கூண்டுக்குள் இல்லை என்று அப்போது புரிந்தது.

அடுத்த தவக்காலம் வந்தது. அன்பியக் கூட்டத்தில் அம்மா சாட்சி சொல்ல வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். வெளிநாட்டில் உழைக்கிற சிஸ்டர்மாருக்காக எப்படி ஒறுத்தல் செய்வது என்று அம்மாவைவிட யார் சொல்ல முடியும் என்றார்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் யாராவது இரண்டு தரம் வாசித்தால் மனப்பாடம் ஆகிவிடும். ஞாயிறு மதியம் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் சொல்லச் சொல்ல எழுதுத்தா.”

பில் நோட்டின் பின்பக்கத்தை எடுத்தேன். அம்மா சொன்னாள், நான் எழுதினேன். பிடி அரிசி, காபி, கருவாடு. பிறகு போன். எம்மக கூப்புட்டா, நான் எடுக்கல, அவளும் எனக்காக ஒறுத்தா. அந்த இடத்தில் பேனா ஓடவில்லை. அம்மா கவனிக்கவில்லை.

“கடைசில நாலு வரி எடம் விட்டு வையி” என்றாள்.

“எதுக்கு?”

“சும்மா விட்டு வையி. பின்னாடி சேத்துக்கலாம்.”

நான் பேனாவை மூடினேன். மூடி எங்கோ உருண்டு போனது. “அம்மா, அன்னைக்கு அக்கா என் போனுக்கும் கூப்புட்டா” என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

அம்மாவின் முகம் மலர்ந்தது. அக்கா போனதற்கு அப்புறம் அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. நகர்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

“தெரியும்த்தா. கொல்லையில நின்னேன்ல, காதுல விழுந்துச்சு. அடிச்சுச்சு, ஒடனே நின்னுச்சு. ரெண்டு பேரும் பேசுறீகன்னுதான் உள்ள வராம அங்குட்டே நின்னேன். நான் எடுக்காட்டி என்ன, நீ இருக்கேன்னுதானே தைரியமா விட்டேன். என்ன பேசுனான்னு கேட்டா ஒறுத்தல் போயிருமேன்னு அப்பக் கேக்கல. அப்புறம் அவ போயிட்டா. சொல்லாதேன்னு ஒங்கிட்டச் சத்தியம் வாங்கியிருப்பா, அதான் நீ வாயத் தொறக்க மாட்டேங்குறேன்னு இருந்தேன். ஒரு வருசமா, இன்னைக்குச் சொல்லுவே நாளைக்குச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். பரவால்லத்தா, இப்பச் சொல்லு.” நன்றாகக் கேட்கிற காதை என் பக்கம் திருப்பினாள். “எம்புள்ள கடைசியா என்ன சொன்னா?”

“நான் பேசலம்மா.”

“அடிச்சது நின்னுச்சேத்தா.”

“நான்தாம்மா நிறுத்துனேன்.”